புஷ்பம் வீட்டிலிருந்து பார்த்த சொரபொர வாவி

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பதுளையிலிருந்து மஹியங்கனை பஸ் புறப்பட்டது. நானும் என் கணவரும் போனோம். பஸாரில் தையல் கடை வைத்திருப்பவளுக்குச் சனிக்கிழமை கடையைப் பூட்டுவது லேசான காரியமில்லை. ஆனால் புஷ்பம் இந்தத் தடவை கேட்ட விதம் வேறாக இருந்தது. இந்த மாதத்துக்குள் வந்துவிடு என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

புஷ்பமும் நானும் பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசையில், பக்கத்து வீடுகளில் வளர்ந்தவர்கள். சொரபொர வாவியில் படகு விடும் சுனிலைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் அங்கே போய்விட்டாள். வீட்டோடு இரண்டு அறைகளைக் கட்டி, வாவி பார்க்க வருகிறவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து வந்தார்கள். வருடம் தவறாமல் என்னைக் கூப்பிடுவாள். தீபாவளித் தையல், பிள்ளைகளின் பரீட்சை, பெட்ரோல் வரிசை, மண்சரிவு என்று எனக்கும் வருடம் தவறாமல் ஏதாவது ஒன்று வந்துவிடும்.

பாதை ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர், முக்கால்வாசியும் இறக்கம். தல்தெனை தாண்டியதும் தேயிலை மறைந்து, சோளமும் வாழையும் தொடங்கிவிடுகின்றன. மீகஹகிவுலையில் பஸ் நின்றபோது ஸ்வெட்டரைக் கழற்றினேன். பத்து மணிக்கு மஹியங்கனையில் இறங்கினால் அடுப்பங்கரைக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. மலையை விட்டு இறங்குகிறவர்கள் பருத்தி உடுப்பும் குடையும் கொண்டுபோவது நல்லது.

வாவி டவுனிலிருந்து மிகவும் பக்கம். ஆட்டோக்காரர் முந்நூறு ரூபாய் கேட்டார். வீட்டின் அடையாளத்தைச் சொன்னதும், அங்கே இப்போது அறை கொடுப்பதில்லை, போர்டைக் கழற்றிவிட்டார்கள், வேறு நல்ல இடம் காட்டுகிறேன் என்றார். நாங்கள் சொந்தக்காரர்கள் என்று என் கணவர் சொன்னார். ஆட்டோக்காரர் வண்டியை எடுத்தார்.

புஷ்பம் வாசலிலேயே நின்றாள். "வாங்கண்ணே, வாடி" என்று என் பையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். எங்களுக்கு வாவியைப் பார்த்த அறை. ஜன்னலைத் திறந்தால் மருத மரங்கள், அவற்றுக்கு அப்பால் தாமரை இலைகள், பிறகு வெறும் தண்ணீர், அதற்கும் அப்பால் நீல மலை. அதுபோல ஓர் அறையில் நான் தங்கியதில்லை. பக்கத்து அறையில் மட்டும் கட்டில் இல்லை. கயிறு போட்ட பெட்டிகள் சுவர்வரை அடுக்கியிருந்தன.

மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, வாவி மீனில் மிளகு போட்ட குழம்பு, தாமரைக் கிழங்குக் கறி, தேங்காய்ச் சம்பல். கிழங்கு வாயில் நறுக்கென்று கடிபட்டது. சுனில் எங்களோடு உட்கார்ந்தார், ஆனால் சாப்பிட்டது வேறு: உப்பில்லாத கறியும் கொஞ்சம் சோறும். கால்கள் வீங்கியிருந்தன. எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, தான் ஒரு சின்னப் போத்தலிலிருந்து ஒரு வாய் குடித்து மூடி வைத்தார்.

"ஒரு நாளைக்கு அவ்வளவுதான் தண்ணி" என்றாள் புஷ்பம், நான் பார்ப்பதைப் பார்த்து.

வெயில் தாழ்ந்தபின் புஷ்பமும் நானும் அணைக்கட்டில் நடந்தோம். அவள் அப்போதுதான் சொன்னாள். சுனிலுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. இனி வாரத்துக்கு மூன்று தரம் பதுளையில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். இங்கிருந்து பஸ்ஸில் போய்வர அவர் உடம்பு தாங்காது. வீட்டை ஒருவர் வாங்கிவிட்டார், பதுளை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தாயிற்று, அடுத்த வாரம் இருவரும் அங்கே குடி வருகிறார்கள்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ நோயாளி பாக்க வந்திருப்ப. ஹார்லிக்ஸ் போத்தலோட வந்து, அழுதுட்டுப் போயிருப்ப. எனக்கு நீ வாவி பாக்க வரணும்டி. நான் இருந்த எடத்த நீ ஒரு தரமாச்சும் பாக்கணும்னு இருந்திச்சு."

மறுநாள் விடிந்ததும் படகு. வேறொரு படகோட்டி துடுப்புப் போட்டார். சுனிலை வர வேண்டாம் என்று புஷ்பம் சொன்னாள், அவர் கேட்கவில்லை. பாறையைக் குடைந்து செய்த பழைய மதகு, யானை இறங்கும் கரை, நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயும் மொட்டை மரம் எல்லாவற்றையும் சிங்களம் கலந்த தன் தமிழில் எங்களுக்குக் காட்டிக்கொண்டே வந்தார். காலை ஏழு மணிக்குள் போனால்தான் தாமரை முழுதாக விரிந்திருக்கும் காட்சி கிடைக்கும். நடு வாவியில் துடுப்பை நிறுத்தச் சொன்னார். கையைத் தண்ணீருக்குள் விட்டு, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். புஷ்பம் வேறு பக்கம் பார்த்தாள். பிறகு அவரே, "போகலாம்" என்றார்.

பகல் பஸ்ஸில் திரும்பினோம். மீகஹகிவுலையில் குளிர் தொடங்கியது. பத்து வருடம் பிந்தி வந்து இரண்டு நாள் இருந்திருக்கிறோம் என்று என் கணவர் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதை வாசித்து யாராவது சொரபொர போனால், டவுனில் தங்க இடத்துக்குக் குறைவில்லை. படகுகள் கரையிலேயே நிற்கும். தாமரைக் கிழங்குக் கறி கேட்டுச் சாப்பிடுங்கள். புஷ்பம் வீட்டுக்கு நான் யாருக்கும் வழி சொல்ல முடியாது.

அவள் இப்போது என் கடையிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறாள். சுனில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் அந்த நாலு மணி நேரமும் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. என் கடைக்கு வந்து, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எனக்குப் பொத்தான் கட்டித் தருகிறாள். சின்ன வயசில் போல வாரத்தில் மூன்று நாள் ஒன்றாக டீ குடிக்கிறோம். பக்கத்திலேயே இருந்தால் எவ்வளவு நல்லது என்று எத்தனையோ தடவை போனில் அவளிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது அவள் எழுந்து போகும்போது, மறுபடியும் வா என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.