நான் நீக்கச் சொன்ன அத்தியாயம்

என் ஆராய்ச்சி மாணவி ஒருத்தியின் நிரூபணத்தைத் தவறென்று சொல்லி, அவள் ஆய்வேட்டிலிருந்து நீக்க வைத்தேன். அதில் நான் பிழை எதையும் கண்டுபிடிக்கவில்லை. எனக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து தினமும் பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் வருவாள். தளத்தின் மேல் வரையறுத்த ஒரு சார்பு. அதன் இரண்டாம் வகைக்கெழுக்கள், புள்ளி புள்ளியாக அல்லாமல் சராசரிப் பொருளில் எடுத்தால், தொகையிடத்தக்கவை, அதற்கு மேல் மென்மை எதுவும் கேட்கக் கூடாது. அது எந்தப் புள்ளிகளில் வகையிட முடியாமல் முரண்டு பிடிக்கும் என்பது அவளுடைய கேள்வி. அந்தப் புள்ளிகளை எல்லாம் சேர்த்தாலும் பரப்பு சுழி, அதாவது பூஜ்யம், என்பது பழைய சேதி. பரப்பு சுழி என்றால் எங்கள் துறையில் பலரும் அதோடு விட்டுவிடுவோம். அவள் விடவில்லை.

“அதுக்குள்ள போயி என்னத்தத் தேடுத?” என்றேன், துறையில் எல்லார் முன்னாலும். சிரித்தார்கள்.

“கோட்டுக்கும்தான் பரப்பு கிடையாது சார். அதுக்காகக் கோடே இல்லன்னு சொல்லிரலாமா?”

அந்தப் புள்ளிகளுக்கு நீளம்கூடச் சுழிதான் என்று நிரூபித்திருந்தாள். பாதி வழியில் எனக்குப் பிடி நழுவியது. மாணவியிடம் விளக்கம் கேட்க வெட்கம். “இது நிக்காது, எடுத்துரு” என்றேன். எடுத்தாள். மீதியை வைத்துப் பட்டம் வாங்கி, வள்ளியூரில் பள்ளி ஆசிரியையாகப் போனாள்.

ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டில் பேச ஆளில்லை. இணையத்தில் கட்டுரைகளாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அதே தேற்றம் வேறு நாட்டுக்காரர்களின் பெயரில் வந்து நின்றது. அவள் தந்திருந்த பிரதியைத் தேடியெடுத்து வாரக்கணக்கில் உட்கார்ந்து படித்தேன். பிழையே இல்லை.

வள்ளியூருக்குப் போய் அவளிடம் சொன்னேன்.

“தெரியும் சார். அப்பமே தெரியும்” என்றாள். காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

என் பழைய துறையில் ஒரு கருத்தரங்கில் பேச நேரம் கேட்டு வாங்கினேன். அவளையும் அழைத்தேன், வரவில்லை. அவள் பெயரைக் கரும்பலகையில் எழுதி, நிரூபணம் முழுவதையும் போட்டுக் காட்டி, அதை நீக்க வைத்தது யார், ஏன் என்பதையும் சொன்னேன். அன்று மாலை அவளுக்கு போன் செய்தேன்.

“நிரூபணத்தப் பத்தி யாரும் ஏதாவது கேட்டாங்களா சார்?”

“இல்லம்மா. கை தட்டுனாங்க.”

“ஒருத்தராவது கேட்டிருக்கலாம்” என்றாள். பிறகு, டியூஷன் பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.