மூன்று மையம் கண்ட சுப்பராயலு

இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டுதான் சுப்பராயலு தீர்ப்புச் சொல்வார். "சேத்துப்பட்டு பக்கம் போனீங்கன்னா சாம்பார் கெட்டியா இருக்கும். தெள்ளார் பக்கம் ஃபேன் உண்டு. ஆனா விடியறதுக்குள்ள எழுப்பிவுட்டு, பஜனை பாடுன்னு ஒரே பேஜார்."

போதை மாத்திரையை விடுவதற்காக மூன்று மறுவாழ்வு மையங்களில் படுத்து எழுந்த மகான் அவர். ஆரணியில் எந்த வீட்டுப் பிள்ளை மாத்திரையில் விழுந்தாலும், டாக்டரைப் பார்க்குமுன் இவரைத்தான் பார்ப்பார்கள். பெண் பார்த்துவிட்டு வந்தவரிடம் பெண்ணைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்பார்கள். மூன்று இடம் பார்த்தும் மாப்பிள்ளைக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று மட்டும் கேட்கமாட்டார்கள்.

"உள்ள போகசொல்லோ எலும்பும் தோலும். வெளிய வரசொல்லோ ஆறு கிலோ ஏறிட்டேன்!" என்பார். மையத்தாரும் அவரை நிறுத்துப் பார்த்துத்தான் கைதட்டி, மாலை போட்டு அனுப்பினார்கள். ஊரும் நம்பியது. பட்டு நூலை நிறுத்துக் கொடுத்துச் சேலையை நிறுத்து வாங்குகிற ஊர் ஆயிற்றே, எடை சரியென்றால் எல்லாம் சரிதான்.

அன்று மணிமேகலை வந்திருந்தாள். மறுநாள் எங்காவது போய்ச் சேர்ந்துகொள்கிறேன் என்று அவள் தம்பி தருமன் ஒருவழியாகச் சொல்லியிருந்தான். அந்த ஒரு சொல்லுக்காக அவள் வருஷக்கணக்கில் அழுதிருக்கிறாள். போய்வந்து மறுபடி விழுந்தால், இன்னொரு தடவை அவன் சொல்லப்போவதில்லை.

"சாம்பாரை வுடுங்கண்ணே. எங்க போனா தம்பிக்கு மாத்திரை நிக்கும்?"

"எங்க போனாலும் ஒடம்பு தேறும்மா. என்னையே பாரு."

"பாத்துகினுதானே இருக்கேன். எடை கொறைஞ்ச சேலைக்குக் கஞ்சியப் போட்டு நிறுத்துக் காட்டற மாதிரி இருக்குது. உங்களுக்கு எங்க நின்னுச்சு? அதைச் சொல்லுங்க."

சுப்பராயலு கூரையில் ஓடுகளை எண்ணுபவர்போல் மேலே பார்த்தார். தறியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பொன்னம்மாள் குரல் கொடுத்தாள்.

"பாவுல இழை அறுந்துபோச்சு. கிலோ கிலோவா ஏத்தின ஒடம்பை ஜல்தி தூக்கிகினு வந்து முடி போடுய்யா!"

எழுந்து போனார். மயிரினும் மெல்லிய பட்டிழையின் இரண்டு நுனிகளையும் பொன்னம்மாள் பிடித்துக்கொண்டிருந்தாள். அவருடைய வலது கை அக்குளிலிருந்து பாதி வெளியே வந்தது. விரல்கள் தடதடவென்று ஆடின. கை மறுபடி உள்ளே போய்விட்டது. மணிமேகலையைத் திரும்பிப் பார்த்து, அறுந்த இழையை மோவாயால் காட்டினார்.