சித்தப்பா போட்ட இரண்டு மார்க்

ராஜபாளையம் தியேட்டரில் இடைவேளை மணி அடித்தது. விண்வெளிப் படத்தின் ஐந்தாம் பாகம். "எத்தனை ஸ்டார்ம்மா போட? குரூப்ல எல்லாரும் கேக்காங்க," என்று மகள் போனை எடுத்தாள். எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்தது.

இதன் முதல் பாகத்தைச் சின்ன வயதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவரோடு பார்த்தேன். இரண்டு ஊர் தியேட்டருக்கும் ஒரே பிரிண்ட். ரீல் பெட்டி மொபெட்டில் வந்து போகும். செத்துப்போன நாயகன் அடுத்த காட்சியில் சிரித்துக்கொண்டே வந்தான்.

வீட்டு வாசலில் தெருக்காரர்கள் காத்திருந்தார்கள்; சித்தப்பா போடும் மார்க்கைக் கேட்டுத்தான் படத்துக்குப் போவார்கள். "எம்புட்டு மார்க்குண்ணே?"

"ரெண்டுதான். தலையும் புரியல, வாலும் புரியல."

நானும் தலையாட்டினேன். யாரும் போகவில்லை. மூன்றாம் நாளே படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

பிறகுதான் தியேட்டர் ஆபரேட்டர் வந்து, "ரீலை மாத்தி ஓட்டிட்டேன் அண்ணாச்சி," என்றார். சித்தப்பா அதன்பின் எந்தப் படத்துக்கும் மார்க் போடவில்லை.

"இரு ஏட்டி, முழுசாப் பாத்துக்கிடுவோம்," என்றேன் மகளிடம்.

அவள் அதற்குள் ஒரே ஒரு ஸ்டாரை அழுத்திவிட்டிருந்தாள்.