என் தலையில் விழுந்த பூசணிக்காய்

ராஜபாளையத்தில் எங்கள் சின்னக் கிறிஸ்தவச் சபைக்குப் பல வருஷமாக நான்தான் பொருளாளர். அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் காய்கனிகளை ஏலம் விட்டுக் கிடைக்கும் பணத்தை வைத்துத்தான், தனியாக இருக்கும் வயசாளிகளுக்கு ஞாயிறு மதியச் சாப்பாடு போட்டு வந்தோம்.

எங்கள் ஏலத்தில் ஒரு வழக்கம். எடுத்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டு, பொருளை மறுபடி ஏலத்துக்கே விட்டுவிடுவார். மில்காரர்கள் கை தாராளமாக இருந்த காலத்தில் ஒரே தேங்காய் எட்டுப் பேர் கைமாறியிருக்கிறது. பக்தி பாதி, பக்கத்து பெஞ்சுக்காரர் மேல் ரோஷம் பாதி. இப்போது பிள்ளைகள் கோயம்புத்தூர், பெங்களூர் என்று போய்விட்டார்கள். பண்டிகைக்கு ஜீபேயில் ஐந்நூறு அனுப்புகிறார்கள். ஜீபேயில் எங்கே ரோஷம் வரும்?

போன வருஷம் கையிருப்பு சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. சாப்பாட்டை நிறுத்துகிறோம் என்று அறிக்கை எழுதி, ஏலம் முடிந்ததும் வாசிக்கச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். எழுதியதிலிருந்து எனக்கே என்மேல் எரிச்சல்.

ஏலமும் தூங்கி வழிந்தது. கான்சாபுரத்திலிருந்து வந்த பெரிய பூசணிக்காயை என் மைத்துனர் முந்நூறுக்குக் கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். எனக்கு எதிலும் விட்டுக்கொடுக்கமாட்டார். அந்தத் தைரியத்தில், விலையை ஏற்றிவிடலாம் என்று, "ரெண்டாயிரம்!" என்று கத்தினேன்.

மனுஷன் கையைக் கட்டிக்கொண்டார். "நீங்களே வச்சுக்கோங்க அத்தான்."

சபையே சிரித்தது. பெண்கள் பக்கமிருந்து என் மனைவி பார்த்த பார்வையை எழுத முடியாது. பணத்தைக் கட்டிவிட்டு, வழக்கப்படி பூசணிக்காயை மறுபடி ஏலத்துக்கு விட்டேன்.

"அம்பது!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மில் வேலையிலிருந்து ஓய்ந்த அண்ணாச்சி. ஞாயிறுதோறும் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து, உப்பு இல்லை என்று குறை சொல்பவர். அதற்குமேல் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

முன்னால் வந்து ஐம்பதைக் கொடுத்தார். ஆனால் காயை ஏலத்துக்குத் திருப்பி விடவில்லை, என் பக்கம் தள்ளினார். "வர்ற ஞாயித்துக்கிழம இதக் கூட்டு வைங்க. இந்தத் தடவையாவது உப்பப் போடுங்கய்யா."

நிறுத்தப்போகிற சாப்பாட்டுக்கு மனுஷன் காய் வாங்கித் தந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அறிக்கை சட்டைப்பையிலேயே கிடந்து, துவைப்பில் கூழாகிப்போனது.

சபைக் கணக்கு இன்னும் இழுபறிதான். மாதம் பிறந்தால் மைத்துனர் கடையில் போய் அரிசிக்குப் பணம் கேட்டு நிற்கிறேன். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

அந்த ஞாயிறு கூட்டுக்கு நானே கூடநின்று உப்புப் போட்டேன். அண்ணாச்சி ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கூடிப்போச்சுய்யா" என்றார். பிறகு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.