பகலில் தெரியாத தீ

எங்கள் வீட்டில் காஸ் அடுப்புக்கு முன்னால் நான் கையை நீட்டுவதில்லை. முதலில் ஒரு காகிதத் துண்டை நீட்டிப் பார்ப்பேன். அது கறுக்காவிட்டால்தான் கை போகும். ஆரம்பத்தில் மனைவி சிரித்தாள். காரணம் தெரிந்த பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள். மதிய வெயில் ஜன்னலால் வந்து சுவரில் விழும் நேரத்தில் நான் அந்த அறையில் இருப்பதில்லை. வெயிலுக்குள் ஏதோ நின்று எரிகிறது என்ற எண்ணம் இத்தனை வருடத்திலும் என்னை விட்டுப் போகவில்லை.

யாழ்ப்பாணத்தில் நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்து, மற்றவர்களைப் போல வீடுகளும் அலுவலகங்களும் துடைத்தேன். சில வருடங்களின் பின் ஒரேத்தோ ஆற்றுக்கு அப்பால் ஓர் ஆய்வுக்கூடத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. அதன் நடுவில், இரண்டு அலுமாரிகளை ஒட்டி வைத்தது போல, ஒரு இயந்திரம் நின்றது. எரிபொருள் கலம் என்றார்கள்.

எனக்கு அது புதிதல்ல, பாடப்புத்தகத்தில் ஒரு பந்தியாக அதைத் தெரியும். ஒரு பக்கத்தால் ஐதரசனை விட வேண்டும், மறுபக்கத்தால் காற்றை. நடுவில் மெல்லிய தகடுகள். எதுவும் எரிவதில்லை. மின்சாரம் வரும், கொஞ்சம் சூடு வரும், கழிவாக வருவது தண்ணீர். கரும்பலகையில் வருடாவருடம் படம் கீறிய பொருள் கண்ணெதிரே நிற்பதைக் கண்டபோது விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொறுப்பாக இருந்த பொறியியலாளர் நல்ல மனிதர். நான் இரசாயன ஆசிரியன் என்று தெரிந்ததும் அவருக்குச் சந்தோஷம். கப்பல், பஸ், ஆஸ்பத்திரி, தொழிற்சாலை எல்லாம் ஒருநாள் இதில்தான் ஓடும் என்று சொல்லுவார். நான் தலையாட்டுவேன். பிறகு சின்னச் சின்ன வேலைகளும் தந்தார். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போகும்போது ஐதரசன் சிலிண்டரின் வால்வைப் பூட்டுவது என் பொறுப்பானது. துடைக்க வந்த இடத்தில் மறுபடியும் ஆசிரியனானேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குள் எவ்வளவு ஊதியிருந்தது என்பதை இப்போதுதான் அளக்க முடிகிறது.

அந்தக் காலத்தில் பலேர்மோவின் கால்சாப் பகுதியில், ஈரம் ஊறிய பழைய வீடொன்றின் மேல்மாடியில் நாங்கள் இருந்தோம். எங்களோடு இன்னொருவரும் இருந்தார். யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதிக்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி இல்லாதவர். ஊரில் கோயில் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் 'லைற் மெசின்' வாடகைக்கு விட்டவர். டீசல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இரவுகளைக் கழித்து, புகையைக் குடித்துக் குடித்து, நெஞ்சில் ஒரு இருமலைச் சேர்த்து வைத்திருந்தார். பொருளாதாரத் தடை வந்து டீசல் இல்லாமல் போனபோது இயந்திரத்தைத் தறப்பாளால் மூடிவிட்டுப் புறப்பட்டவர். என்னை மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவார்.

கனமான வேலை இருந்த நாட்களில் அவரை என் மச்சான் என்று சொல்லிக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். பொறியியலாளர் கண்டும் காணாமல் விட்டார். முதல் நாள் இயந்திரம் ஓடியபோது நண்பர் சுற்றிச் சுற்றி வந்து புகைக்குழாயைத் தேடினார். இல்லை என்றேன். சத்தமும் இதுதானா என்று கேட்டார். காற்றாடியின் இரைச்சல் மட்டும்தான் என்றேன்.

"அப்ப திருவிழா தொடங்கினது சனத்துக்கு எப்பிடித் தெரியும் மாஸ்ரர்? என்ரை மெசின் இழுத்தால் நாலு ஊருக்குக் கேக்கும்."

அதன் பிறகு வேலை இல்லாத நாட்களிலும் வரலாமா என்று கேட்பார். துடைப்பதற்கு அல்ல, பார்ப்பதற்கு.

அந்த ஐப்பசியில் இயந்திரம் அடிக்கடி நின்றது. ஓடும், சற்று நேரத்தில் மின்சாரம் விழுந்துவிடும். ரோமிலிருந்து ஒரு குழு பார்க்க வர இருந்தது. பொறியியலாளர் சவரம் செய்யாத முகத்துடன் திரிந்தார். விஜயதசமி அன்று நண்பர் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்தார். பையில் சந்தனமும், ரயில் நிலையத்தடித் தமிழ்க் கடையில் வாங்கிய கற்பூரமும், எங்கள் பல்கனிச் சாடியில் பிடுங்கிய செவ்வந்தியும் இருந்தன. ஊரில் ஒவ்வொரு விஜயதசமிக்கும் லைற் மெசினுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டாமல் அவர் இழுத்ததில்லை.

எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போன பின் தயங்கித் தயங்கிக் கேட்டார். சுவரில், எரியும் தீக்குச்சியைச் சிவப்புக் கோட்டால் வெட்டிய படம் மாட்டியிருந்தது. அதை வாரத்தில் ஒரு தரம் துடைப்பவன் நான். வேண்டாம் என்று ஒரு சொல் போதும். நான் சொல்லவில்லை. வால்வை நானே பூட்டிவிட்டேன், பயமில்லை, காட்டுங்கள் என்றேன். அவருடைய நம்பிக்கையை மதித்து அனுமதித்தேன் என்று பல வருடங்கள் எனக்கே கதை சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. அனுமதி கொடுக்கும் இடத்தில் நான் இருக்கிறேன் என்று காட்ட ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

நான் வால்வைப் பூட்டியது உண்மை. ஆனால் அன்று காலையில் பொறியியலாளர் இரண்டாவது சிலிண்டரையும் இணைத்துத் திறந்துவிட்டிருந்தார். எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவர் தட்டில் கற்பூரத்தை ஏற்றி மூன்று முறை சுற்றினார். குழாய்கள் பொருந்தும் இடத்தருகே தட்டுப் போனபோது 'பொக்' என்று ஒரு மெல்லிய சத்தம். ஐதரசன் தீப்பற்றும்போது கேட்கும் சத்தம் அது. பரிசோதனைக் குழாயின் வாயில் குச்சியைக் காட்டி, காதைக் கொடுத்துக் கேளுங்கள் என்று மாணவர்களுக்கு நான் சொல்லாத வருடம் இல்லை. கற்பூரம் வெடித்தது என்று நினைத்தேன்.

தட்டைக் கீழே வைத்து, விரலில் சந்தனம் தொட்டு, அந்தப் பொருத்தில் பொட்டு வைக்கப் போனவர் கையைச் சட்டென்று இழுத்தார்.

"மாஸ்ரர், இதிலை சுடுது."

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். உயரத்து ஜன்னலால் வெயில் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. குழாய், மரை, வெயில். வேறொன்றுமில்லை. ஐதரசன் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். பரீட்சையில் கேட்டால் எழுதுவேன். அந்த நேரத்தில் அது என் தலைக்குள் எங்கும் இல்லை.

"எங்கை நெருப்பு? ஒண்டும் இல்லை. மெசின்ரை சூடு. பயந்தாங்கொள்ளி, வையும் பூவை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்திருந்தால் இன்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். இருக்கவில்லை. படித்தவர் சொல்கிறார் என்று செவ்வந்தியையும் சந்தனத்தையும் சேர்த்து எடுத்து, கையை மறுபடியும் கொண்டுபோனார். இந்த முறை அழுத்தி வைக்கப் பார்த்தார்.

முதலில் பூ சுருண்டது. பூவின் இதழ்கள் மஞ்சளாகப் பற்றிய பிறகுதான், அதுவரை அங்கே நின்ற தீயின் உருவம் எனக்குத் தெரிந்தது. ஒரு முழ நீளத்தில், வேல் போல, நேராக. அவருடைய நைலோன் மேற்சட்டையின் கை உருகி விரல்களிலும் உள்ளங்கையிலும் ஒட்டிக்கொண்டது. அவர் கத்தவில்லை. முருகா என்று ஒரு தரம் மெதுவாகச் சொன்னார்.

இரண்டாவது சிலிண்டரைக் கண்டு அதன் வால்வையும் பூட்டினேன். கையைத் தண்ணீருக்குள் பிடித்தேன். தரையில் கிடந்த கற்பூரத்தட்டு, பூ, சாம்பல் எல்லாவற்றையும் துடைத்தேன். அந்த ஒழுங்கில்தான் செய்தேனா, அல்லது துடைத்துவிட்டா கையைக் கவனித்தேன் என்று சில நாட்களில் எனக்கே சந்தேகம் வரும்.

ஈரத்துணி சுற்றி, மேலே என் சட்டையைப் போட்டு மூடி, பஸ்ஸில் கூட்டி வந்தேன். ஆஸ்பத்திரி வழியில்தான் இருந்தது. பஸ் அதன் வாசலில் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவருக்கு பெர்மெசோ இல்லை. என்னுடையது புதுப்பிக்கக் கொடுத்து குவெஸ்தூராவில், பொலிஸ் அலுவலகத்தில், கிடந்தது. எப்படி நடந்தது, எங்கே நடந்தது, யார் உள்ளே விட்டது என்று கேட்பார்கள். இவற்றையெல்லாம் நான் அவருடைய காதில் சொன்னேன். அவர், "நீங்கள் சொல்லுறது சரி மாஸ்ரர்" என்றார். பஸ் புறப்பட்டது.

மருந்துக்கடைக் களிம்பு பூசினேன். காய்ச்சல் வந்தது. அவருடைய கையில் சுடுதண்ணீர் ஊற்றுப்பட்டது என்று மனைவிக்குச் சொல்லிவைத்தேன். அவள் அந்தக் கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ரோம் குழு வந்த அன்று இயந்திரம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. வரிசையாக மாட்டிய பல்புகள் எரிந்தன. பொறியியலாளர் கழிவுக் குழாயில் வந்த தண்ணீரை ஒரு கிளாசில் ஏந்தி எல்லோர் முன்னிலையிலும் குடித்தார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு என்னிடம் வந்து உன் மச்சான் எங்கே, இதைப் பார்க்க ஆசைப்பட்டாரே என்று கேட்டார். வட இத்தாலியில் வேலை கிடைத்துப் போய்விட்டார் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது படுக்கை வெறுமையாக இருந்தது. என் மனைவி என்னைக் கேட்காமல் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாள். பின்னேரம் தனியாகத் திரும்பி வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"பெர்மெசோ ஒருத்தரும் கேக்கேல்லை. கையைத்தான் காட்டச் சொன்னவை. ஏன் இவ்வளவு நாள் வைச்சிருந்தனீங்கள் எண்டு கேட்டவை. நான் என்னத்தைச் சொல்ல?"

வலது கையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மற்றவை ஒன்றோடொன்று ஒட்டி மடங்கிப் போயின. நான் பார்க்கப் போனபோது கட்டிலில் இருந்தபடி அவர் கேட்டது ஒன்றுதான். மெசின் ஓடியதா? ஓடியது என்றேன். சத்தமில்லாமலா? ஓம் என்றேன். திருப்தியாகக் கண்ணை மூடினார். கேட்டவர்களுக்கெல்லாம் கொதி எண்ணெய் கொட்டுண்டது என்று சொன்னார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவராகவே அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையைப் பார்த்து இங்கே எந்த வீட்டுக்காரச் சிஞ்ஞோராவும் வேலை கொடுக்கவில்லை. சில மாதங்களில் உறவினர்களிடம், வடக்கே, போய்விட்டார்.

தொண்ணூறுகளின் முடிவில் பலேர்மோவில் ஒரு தமிழ்க் கலியாணத்துக்கு அவர் வந்திருந்தார். பந்தியில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது, வந்து உட்கார்ந்தார். வாழையிலைக்குப் பதில் காகிதத் தட்டு. எல்லோரும் கையால் குழைத்துச் சாப்பிட, அவர் இடக்கையில் கரண்டி பிடித்திருந்தார். பரிமாறி வந்த ஒரு பெண், தெரியாமல், "என்ன அண்ணை, வெள்ளைக்காரர் ஆகிட்டீங்களோ?" என்று பகிடி விட்டாள். அவர் சிரித்து, மடங்கிய வலக்கையை மேசைக்குக் கீழே இறக்கினார்.

மேளச் சத்தத்துக்குள், அவருக்கு மட்டும் கேட்கும்படி, இத்தனை வருடமும் உள்ளே உருப்போட்டு வைத்திருந்ததைச் சொன்னேன்.

"தம்பி, நீர் கையை எடுத்துட்டீர். நான்தான் திருப்பி வைக்கச் சொன்னனான்."

அவர் கரண்டியைத் தட்டில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. தவில் ஒரு முறை அடங்கி மறுபடி எழுந்தது.

"ஓம் மாஸ்ரர். எனக்கு ஞாபகம் இருக்கு."

மன்னித்தேன் என்றோ பரவாயில்லை என்றோ அவர் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்த கோபத்தையும் தரவில்லை. பிறகு, கரண்டியால் வெட்ட முடியாமல் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்த வடையை என் பக்கம் தள்ளினார்.

"இதைப் பிச்சு விடுங்கோ" என்றார்.

சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிய்த்து அவருடைய தட்டில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகக் கரண்டியில் எடுத்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தேன்.