நந்தியைத் தாண்டாத கார்

பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவள் நான். நடத்தியது எல்லாம் ஓடாத ஒரு எஞ்சினை வைத்துக்கொண்டு. பாதியாக அறுத்து, சிவப்பும் நீலமும் பூசி, ஆய்வுக்கூடத்தின் நடுவே நிறுத்தியிருந்தார்கள். அதைக் குச்சியால் தொட்டுத் தொட்டு, பெட்ரோல் இங்கே வரும், தீப்பொறி இங்கே விழும் என்று சொல்லியே ஓய்வு பெற்றேன். நீங்கள் ஒரு எஞ்சினையாவது ஓடவைத்திருக்கிறீர்களா என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வருகைப் பதிவில் கைவைத்திருப்பேன்.

அந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொண்டதன் விளைவுதான் கார். குண்டலுபேட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த, அந்தக் காலத்து வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, மடக்கும் கூரை. மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டு ஷெட்டில் அதை இறக்கியபோது என் கணவர் ஒரு சுற்று வந்து பார்த்துவிட்டு, "பின்னாடி யாரு உக்காருவாங்க?" என்றார். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவர். எதைப் பார்த்தாலும் எத்தனை பேருக்கு இடமிருக்கிறது என்றுதான் பார்ப்பார்.

எங்கள் அன்றாடக் கார் தெருவோர மரத்தடிக்குப் போனது. அதன் மேல் காக்கைகள் செய்ததைப் பார்த்து எனக்கே மனசாட்சி உறுத்த, நானாகவே ஒரு கெடு வைத்தேன். மூன்றாவது சிவராத்திரிக்குள் இந்தக் கார் சாமுண்டி மலை ஏறவேண்டும். ஏறவில்லையென்றால் விற்றுவிடுவேன். அவர் கேட்காத வாக்குறுதி இது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

துருப்பிடித்த தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தேன். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டேன். தீப்பொறிக்கு இருந்த பழைய பாயிண்டைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினேன். எதிர் வீட்டுப் பென்ஷன்காரருக்கு அது பிடிக்கவில்லை. "பழைய வண்டிக்குப் பழைய பாயிண்ட்தான் மேடம் சரி," என்று காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நின்று தினமும் சொல்லிவிட்டுத்தான் பேப்பரைப் பிரிப்பார்.

ஷெட்டில் என் கணவருக்கு அதிகாரம் உள்ள நாள் வருஷத்தில் ஒன்றுதான், ஆயுத பூஜை. மற்ற நாட்களில் ஸ்பானரைக் கேட்டால் கட்டிங் பிளேயரை நீட்டுவார். அன்று மட்டும் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு உள்ளே வந்தால் நான் ஓரமாக நிற்கவேண்டும். கடந்த தசராவின்போது கார்புரேட்டர் இரண்டையும் பிரித்துக் கழுவி, மேஜைமேல் வரிசையாகப் பரப்பியிருந்தேன். அவர் ஒன்றையும் விடவில்லை. ஸ்பானர் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். ஜாக்கிக்குச் சாமந்திப்பூ. கடைசியில் கை நிறைய மஞ்சள் அட்சதையை எடுத்து, மேஜை முழுக்க மழை மாதிரி தூவினார். மறுநாள் நான் எல்லாவற்றையும் துடைத்துப் பூட்டினேன்.

தீபாவளிக்குள் எஞ்சின் ஓடியது. முதல் சத்தம் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரிங் ரோடில் குதிரையாகப் பறந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனோம். பாதி மலையில், பெரிய நந்தி சிலை இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், இருமி இருமி நின்றுவிட்டது. பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடுகிறது. ஏற்றத்தில் அழுத்தினால் மறுபடி இருமல். நான்கு மாதத்தில் நான்கு முறை போனோம், நான்கு முறையும் நந்தியைத் தாண்டவில்லை. அவர் ஒவ்வொரு முறையும் பிளாஸ்க்கோடு பக்கத்தில் உட்கார்ந்து வந்தார், இறங்கித் தள்ளினார், மதில்மேல் குரங்குகள் பார்த்துக்கொண்டிருந்தன. "நஞ்சுண்டேஸ்வரருக்கு வேண்டிக்கிட்டிருக்கேன், ஏறிடும்," என்றார்.

நான் வயரை மாற்றினேன், காயிலை மாற்றினேன், இக்னிஷனை மூன்று முறை பிரித்துப் பார்த்தேன். கார்புரேட்டரைத் தொடவில்லை. நானே கழுவியதை நானே சந்தேகப்படுவேனா? எதிர் வீட்டிலிருந்து பாயிண்ட் உபதேசம் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அதை நம்பத் தொடங்கிவிட்டேன். அதுதான் வலித்தது. முப்பது வருஷம் நான் சொல்லிக்கொடுத்தது வெறும் குச்சி வேலை என்று தோன்றிவிட்டது. சிவராத்திரிக்கு ஒரு வாரம் முன்னால், பெங்களூரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு ஞாயிறு பதினொரு மணிக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். "ஹௌதா? நிஜமாவா?" என்றார் என் கணவர். அன்றைக்கு அவர் மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துபோனார்.

சனிக்கிழமை சாயங்காலம், கொடுப்பதைச் சுத்தமாகக் கொடுப்போம் என்று பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டர்களின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணங்களைக் கழற்றிச் சமையலறைத் தட்டு ஒன்றில் கவிழ்த்தேன். இரண்டாவது கிண்ணத்திலிருந்து 'டிக்' என்று ஏதோ விழுந்தது. ஒரே ஒரு அரிசி. மஞ்சள் போகாமல் அப்படியே இருந்தது.

எனக்கு எல்லாம் ஒரு நொடியில் புரிந்தது. சமதரையில் அது கிண்ணத்தின் அடியில் சும்மா கிடக்கும். ஏற்றத்தில் எஞ்சின் அதிகப் பெட்ரோல் கேட்கும்போது இழுபட்டுப் போய், பெட்ரோல் போகும் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். வண்டி நின்றதும் விலகிவிடும். பரீட்சையில் கேட்டிருந்தால் பத்து மதிப்பெண் கேள்வி. என் இக்னிஷனில் ஒரு குறையும் இல்லை!

"ரீ, இங்க கொஞ்சம் வாங்க," என்று என் கணவரைக் கூப்பிட்டேன்.

வந்தார். உள்ளங்கையை நீட்டிக் காட்டினேன்.

"எலி கொண்டுவந்து போட்டிருக்கும்," என்றார்.

"எந்த எலி மஞ்சள் தடவிக்கிட்டு வரும்?"

குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். "அது ஆசீர்வாதம்..." என்று இழுத்தார்.

"உங்க ஆசீர்வாதம் அதோட தொண்டையில சிக்கியிருக்கு. அதை எடுக்கச் சொல்லி நஞ்சுண்டேஸ்வரர்கிட்ட வேற போய் நின்னிருக்கீங்க. அவர் என்ன பண்ணுவார் பாவம்?"

நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். "நாலு மாசமா உனக்கு ஒண்ணும் தெரியலன்னு நீயே நொந்துக்கிட்டிருந்தே. எல்லாத்துக்கும் நான்தான் காரணமா?" என்று கேட்டார். கோபப்பட எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபிறகு கோபம் வரவில்லை. தட்டைக் கழுவி வைக்கச் சொன்னேன். அது அவருக்குத் தெரிந்த வேலை.

ஞாயிறு காலை, எல்லாவற்றையும் மாட்டிப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பினோம். பாதி மலை வந்ததும் அவர் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார், நான் அழுத்தினேன். இருமல் இல்லை. நந்தி பின்னால் போனது. அடுத்த திருப்பமும் போனது. நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. குரங்குகள் இந்த முறை மதிலிலிருந்து குதித்து ஓடின.

உச்சியில் நிறுத்தியதும் முதலில் பெங்களூர்க்காரருக்குப் போன் போட்டேன். வண்டி ஓடுகிறது, அதனால் கொடுப்பதற்கில்லை என்றேன். அவர் பாதி வழி வந்துவிட்டாராம். திட்டினார், வாங்கிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் என் கணவர் காருக்கு முன்னால் நிற்கிறார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் வெளியே வந்தது. வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார், அதே மஞ்சள் அட்சதை! பழக்க தோஷத்தில் கை பானெட்டுக்கு மேலே போய்விட்டது. நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தேன். கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு என்னிடம் வந்து, அத்தனையையும் என் தலையில் போட்டார்.