தீப்பெட்டி ஆபீஸில் ஒரு சடை

நேற்று எலக்ட்ரிக்கல் கடையில் புது வயர்ச் சுருளைப் பிரித்தார்கள். அந்த பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியதும் கணேசன் ஞாபகம் வந்துவிட்டது. மற்றவர்களுக்குப் பூ வாசனையில் பழைய நாள் திரும்பும். எனக்கு வாய்த்தது இது.

கணேசனும் நானும் கோவில்பட்டியில் மெஷின்களுக்கு கன்ட்ரோல் பேனல் செய்யும் பட்டறையில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். பேனல் என்றால் பீரோ மாதிரி ஓர் இரும்புப் பெட்டி, உள்ளே வயர்க் காடு. கணேசன் அதைப் பின்னுவான். கரண்ட் வயர், சென்சார் வயர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, பிளாஸ்டிக் டை போட்டு, பல்லைக் கடித்து இறுக்குவான். கூட வேலை பார்த்த முத்துலட்சுமி, "ஏலே, இது பேனலா, கல்யாணப் பொண்ணு சடையா? பூ வச்சிரட்டுமா?" என்பாள். அவனுக்கு அது பாராட்டாகவே கேட்டது. அவள் மேல் அவனுக்கு இருந்த நினைப்பு அப்படி.

பசுவந்தனை ரோட்டில் ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்குப் பேனல் மாட்டினோம்; எங்கள் பக்கம் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம். முதலாளி அண்ணாச்சி, வருகிறவர்களுக்கெல்லாம் சாமி அலமாரி போலக் கதவைத் திறந்து காட்டினார். கதவிலிருந்த பட்டன்களுக்குப் போகும் வயரும் விறைப்பாகத்தான் கட்டப்பட்டிருந்தது. திறக்கும்போதெல்லாம் அது தகர விளிம்பில் உரசியது எங்களுக்குத் தெரியாது.

மெஷின் காரணமில்லாமல் நிற்கிறது என்று எங்கள் மூவரையும் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி கதவை இழுத்தார். படக்கென்று ஒரு பொறி. கொஞ்சம் தள்ளி மருந்தில் முக்கியெடுத்த தீக்குச்சிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"மெயினை அமத்துலே!" என்று கத்திய முத்துலட்சுமி, தானே ஓடி அமர்த்தினாள். என் கண் வாசலைத் தேடிக்கொண்டிருந்தது.

கணேசன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அண்ணாச்சி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சனங்க வீட்டுல கொண்டுபோய் ஒண்ணொண்ணா பத்தவைக்குதாவ. நீ இங்கனயே மொத்தமா பத்தவச்சிருப்பியேடே" என்றார்.

மூவருமாக டைகளை வெட்டினோம். கரண்ட் வயர் ஓர் ஓரம், மெஷினை நிறுத்திய அதன் தொந்தரவு தட்டாமல் சென்சார் வயர் மறு ஓரம். வயர் நுழையும் தகர ஓட்டைக்கு ரப்பர் வளையம். கதவுக்குப் போகும் வயரில் தாராளமாக ஒரு தொங்கல்.

"எல்லாத்தையும் இப்படியா இறுக்கிப் பிடிக்கது? மூச்சு விட எடம் குடு" என்றாள் முத்துலட்சுமி.

"ஒன்னையும் சேத்தா சொல்லுத?"

கணேசனா இதைக் கேட்டான் என்று நம்பாமல் திரும்பிப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை. கையிலிருந்த கட்டிங் பிளேயர் மட்டும் கீழே விழுந்தது.

மெஷின் அதன்பின் நிற்கவில்லை. அடுத்த தை மாதம் அவர்கள் கல்யாணப் பந்தியில் நான் சாம்பார் ஊற்றினேன்.

அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது பிளாட் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். எங்கள் பட்டறையும் இல்லை. பேனல்கள் வெளியூரிலிருந்து முழுசாக வந்து இறங்குகின்றன. கணேசனும் முத்துலட்சுமியும் கயத்தாறில் செல்போன் கடை வைத்திருக்கிறார்கள். போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். டிவிக்குப் பின்னால் வயர்கள் பாம்புக் கூட்டமாகக் கிடந்தன. நான் பார்ப்பதைக் கவனித்த முத்துலட்சுமி சொன்னாள்: "அவிய அங்கன எட்டியே பாக்க மாட்டாவ. கேட்டா, மூச்சு விடட்டும்ங்காவ."